ஓரத்தில் இருக்கும் அந்த எண்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் பல வருடம் இருந்த என் மாமா போன வருடம் காலமானார். அவர் பெட்டியில் ஒரு பழைய ஸ்டாம்ப் ஆல்பம் கிடைத்தது. பெரும்பாலும் 1950களில் வந்த 3 சென்ட் ஸ்டாம்புகள். ஒன்றிலும் முத்திரை இல்லை, எல்லாமே நான்கு நான்காகப் பிரிக்காமல், ஓரத்து வெள்ளைத் தாளோடு இருக்கின்றன. அந்த ஓரத்தில் ஐந்து இலக்கத்தில் ஒரு எண். சில பக்கங்களில் ஒரே படம், ஒரே எண் நான்கு தடவை வருகிறது. என் மகளும் ஸ்டாம்ப் சேர்க்கிறாள். ஓரத்தைக் கிழித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து அவளுக்குக் கொடுக்கலாமா? இவை விலை போகுமா?

ர.

அன்புள்ள ர.,

கிழிக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மாமா சேர்த்தது ஸ்டாம்பை மட்டும் இல்லை, அந்த எண்ணையும் சேர்த்துத்தான். தகட்டு எண் இருக்கும் ஓரத்தோடு இப்படிப் பிரிக்காமல் வைத்த ஸ்டாம்புக் கூட்டத்தை பிளேட் பிளாக் என்பார்கள். அமெரிக்க ஸ்டாம்புகளை 1894இலிருந்து வாஷிங்டனில் இருக்கும் அரசு அச்சகம் அடித்துவந்தது. அங்கே தயாரான ஒவ்வொரு உலோகத் தகட்டுக்கும் ஒரு எண் இருந்தது, அதைத் தகட்டின் ஓரத்திலேயே பொறித்துவிடுவார்கள். எந்தத் தகட்டில் அடித்த தாள், எந்தத் தகட்டில் பழுது என்று கண்டுபிடிக்க அச்சகத்தார் தங்களுக்காக வைத்துக்கொண்ட அடையாளம் அது. ஸ்டாம்பின் படத்தை வரைந்தவர் பெயரைத் தேடிப் பிடித்துவிடலாம், ஆனால் அதை அடித்த தகடு எது என்று சொல்வது அந்த ஓரம் மட்டும்தான்.

ஒரே எண் ஏன் நான்கு தடவை வருகிறது என்றால், அந்தக் காலத்து நினைவு ஸ்டாம்புகளைப் பெரும்பாலும் ஒரு பெரிய தாளில் 200 அடித்து, அதை நாலாக வெட்டி, 50 ஸ்டாம்ப் கொண்ட ஷீட்டுகளாகத் தபால் நிலையத்துக்கு அனுப்புவார்கள். பெரிய தாளின் நான்கு மூலையிலும் எண் இருக்கும். வெட்டிய பிறகு ஒரு ஷீட்டுக்கு ஒரு மூலையில்தான் எண் மிஞ்சும், ஐம்பதில் நாலு ஸ்டாம்புக்குத்தான் அந்த யோகம். மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது என நான்கு மூலையும் ஒரே தகட்டு எண்ணில் சேர்ந்தால்தான் செட் முழுமை. உங்கள் மாமா அதைச் சேர்த்திருக்கிறார். நான்கு வெவ்வேறு ஷீட்டிலிருந்து வந்த துண்டுகள் அவை. ஒரு மூலைக்காக அவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ. அதைப் பிரித்துவிட்டால் மறுபடி யாராலும் சேர்க்க முடியாது.

ஓரம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு உதாரணம். 1918 மே 14 அன்று வாஷிங்டனில் வில்லியம் ரோபி என்பவர் 24 டாலர் கொடுத்து, 24 சென்ட் விமானத் தபால் ஸ்டாம்பில் 100 கொண்ட ஒரு ஷீட் வாங்கினார். அதில் நூறிலும் விமானம் தலைகீழ். சிவப்புச் சட்டத்தை ஒரு தடவையும் நீல விமானத்தை இன்னொரு தடவையும் அடிக்கும்போது தாளோ தகடோ திரும்பிப் போயிருக்கிறது. அந்த ஷீட்டிலிருந்து மிஞ்சிய நான்கு ஸ்டாம்ப் பிளேட் பிளாக்கைப் பாருங்கள், ஓரத்தில் நீல மையில் 8493 என்ற தகட்டு எண்ணும் விமானத்தோடு சேர்ந்து தலைகீழாக நிற்கிறது. அடித்தவர் கை எங்கே தவறியது என்று அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. 2005இல் அது 29 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது, 2021இல் 48 லட்சத்துக்கும் மேல்.

இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். 1940களிலும் 50களிலும் பிளேட் பிளாக் சேர்ப்பது பெரிய மோகமாக இருந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு எங்கிருந்து விலை வரும்? 3 சென்ட் நாலு என்றால் 12 சென்ட், இன்றைக்கும் பெரும்பாலானவை அதை ஒட்டியே விலை போகின்றன. வாங்கிக் கடித உறையில் ஒட்டி அனுப்புகிறவர்களும் உண்டு, 1861க்குப் பிறகு வந்த அமெரிக்க ஸ்டாம்புகள் இன்னும் செல்லும். 1970களில் நிறத்துக்கு ஒரு எண் என்று ஓரத்தில் வரிசையாகப் போடத் தொடங்கியதும் சேர்ப்பவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. எல்லா எண்ணும் வர வேண்டுமென்றால் 12 ஸ்டாம்ப் வாங்க வேண்டும், சிலவற்றுக்கு 20. 15 சென்ட் ஸ்டாம்பில் நாலுக்கு 60 சென்ட் கொடுத்த இடத்தில் 1 டாலர் 80 சென்ட். நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். 1981இல் நிறத்துக்கு ஒற்றை இலக்கம் என்று சுருக்கி மறுபடி நாலுக்குக் கொண்டுவந்தார்கள், ஆனால் பழைய கூட்டம் திரும்பவில்லை.

சரி, இப்போது வேலை. கையால் தொடாமல் முனை தட்டையான சாமணத்தால் எடுங்கள். துளை வரிசையில் மடிக்கவே கூடாது, பழைய தாள் அந்த இடத்தில்தான் முதலில் விட்டுப்போகும். என் கையிலேயே ஒரு பிளாக் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, சும்மா நிமிர்த்திப் பார்த்ததற்கே. பின்பக்கம் பசையின் மேல் சீரான இடைவெளியில் மெல்லிய கோடுகள் தெரியலாம். அது சேதம் இல்லை, தாள் சுருளாமல் இருக்க அச்சகத்திலேயே அழுத்தியது. ஈரக்காற்று பட்டால் பசை ஆல்பத்தில் பிடித்துக்கொள்ளும், அதனால் காய்ந்த இடத்தில், ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

மகளுக்கு இதே ஸ்டாம்புகளை முத்திரை குத்தியதாக வாங்கிக் கொடுங்கள், மிக மலிவாகக் கிடைக்கும். கூடவே ஒரு லென்ஸ். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டு அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், மை தாளுக்கு மேலே மேடாக நிற்பது தெரியும். எந்தப் படத்துக்கு எந்த மூலை இல்லை என்று அவளே ஒரு பட்டியல் எழுதட்டும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், என்னிடம் இரட்டையாக இருப்பவற்றில் தேடிப் பார்க்கிறேன்.