நகர நடுவில் மெதடிஸ்ட் பணி: கேட்டவர்களுக்குப் பதில்

லண்டன் நகர மையத்தில் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவ சபையில், தெருவில் இருப்பவர்களுக்குக் காலை உணவு கொடுக்கும் பணியிலும் மருத்துவமனைச் சாப்ளின் (ஆன்மிகத் துணை தருபவர்) வேலையிலும் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

சபைப் போதகருக்கும் சாப்ளினுக்கும் என்ன வேறுபாடு?

போதகருக்குச் சபை உண்டு. சாப்ளின் நிற்பது பிறர் இடத்தில்: வார்டு, சிறை, கல்லூரி. அரசு மருத்துவமனையில் சம்பளமும் தேசிய சுகாதாரச் சேவையுடையது. ஆகவே அவர்களாகக் கேட்காமல் யார் தலையிலும் கைவைத்து ஜெபிக்காதீர்கள்.

விசா கிடைக்குமா?

தெரியாது. குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

சென்ட்ரல் ஹால் என்ற உங்கள் நகர மைய ஆலயங்கள் ஏன் நாடக அரங்கு போல இருக்கின்றன? கீழே கடைகள் வேறு!

வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள். 1880களில் வசதியுள்ள மெதடிஸ்டுகள் புறநகருக்குக் குடிபெயர, நகர நடுவிலிருந்த ஆலயங்கள் காலியாயின. சுற்றிலும் இருந்த உழைப்பாளிகளோ வாடகை கட்டிப் பிடித்த இருக்கைகளையும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பையும் பார்த்து உள்ளே வரத் தயங்கினார்கள். மான்செஸ்டர் ஓல்தாம் தெருவில் பழைய ஆலயத்தை இடித்து 1886இல் சென்ட்ரல் ஹால் எழுப்பினார்கள். பிறகு பல நகரங்களில் இதே முறை: கோபுரம் இல்லை, மேடை உண்டு, சனிக்கிழமை இரவு கச்சேரி உண்டு. கடை வாடகை பணிக்கு உதவியது. லண்டனில் 1887இல் ஹியூ பிரைஸ் ஹியூஸ் மேற்கு லண்டன் மிஷனைத் தொடங்கினார். ஏழைகளின் வீடுகளுக்குப் போன சகோதரிகள் அணியை நடத்தியவர் அவர் மனைவி கேத்தரின். 1912இல் திறந்த வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலில்தான் 1946 ஜனவரியில் ஐ.நா. பொதுச்சபை முதன்முதலாகக் கூடியது. அதைக் கடை என்று சொல்வீர்களா?

சுவிசேஷம் சொல்லாமல் சோறு மட்டும் போட்டால் அது மிஷனா?

யார் சொல்ல வேண்டாம் என்றார்கள்? 1936 முதல் 1978 வரை மேற்கு லண்டன் மிஷனை நடத்திய டொனால்ட் சோப்பர், டவர் ஹில்லிலும் ஹைட் பார்க்கிலும் திறந்த வெளியில் நின்று பேசினார். கேட்பவர்கள் குறுக்கே கத்துவார்கள். அவரும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பார். பிடிக்காதவர் நடையைக் கட்டலாம். மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர் எங்கே போவார்?

அதே வாசகர்: மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அனுமதி கேட்டா பிரசங்கித்தார்?

1739இல் பிரிஸ்டல் அருகே கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளிகள் அவர் பிரசங்கம் கேட்கத் தாங்களாக வந்து நின்றார்கள். பிடிக்காத ஊர்களில் வெஸ்லி மேல் கல்லெறிந்தார்கள். கையில் டிரிப்ஸ் ஏறும்போது கல்லெறிய முடியாது, ஐயா.

மீண்டும் அவரே: நோயாளி ஜெபம் கேட்காமலே மரித்துவிட்டால்?

பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு பெரியவர் வாரக்கணக்கில் என்னுடன் கால்பந்து மட்டுமே பேசினார். ஜெபம் கேட்கவில்லை, நானும் தொடங்கவில்லை. அடுத்த முறை வரும்போது ஆட்ட முடிவைத் தெரிந்துகொண்டு வா என்பார். போனேன். இதற்கு மேல் இந்த வாதம் வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தெருவில் இருப்பவர்களுக்குப் பழைய உடைகள் அனுப்பலாமா?

புதிய, தடித்த காலுறைகள் அனுப்புங்கள். நாள் முழுவதும் நனைந்த காலுறையோடு நடந்தால் பாதத் தோல் வெளுத்து ஊறி, பிளந்துவிடும். காலை உணவுக்கு வருகிறவர்களில் சிலர் தேநீருக்கு முன் கேட்பது காலுறைதான். கிழிந்த கோட்டுகளைப் பிரித்து எறியவே எங்களுக்கு நேரம் போகிறது. காலுறையைக் கொடுக்கும்போது துண்டுப்பிரதி செருகாதீர்கள், கேட்காமல் ஜெபிக்காதீர்கள்.

சென்னையில் நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). உங்களுக்கும் எங்களுக்கும் உறவு உண்டா?

உண்டு. தென்னிந்தியாவில் பிரிட்டிஷ் மெதடிஸ்ட் வழிவந்த சபைகள் 1947இல் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்தன.

சாப்ளின் ஆக விசா...

மேலே பாருங்கள்.

என் அம்மா இந்து, ஆங்கிலம் தெரியாது. லண்டன் மருத்துவமனையில் சாப்ளினைக் கூப்பிடலாமா?

தாராளமாக. நர்ஸிடம் சொன்னால் போதும். பல மருத்துவமனைகளில் இந்து சாப்ளின்களும் உண்டு. தமிழ் பேசுபவர் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.