எலக்ட்ரிக் கிடாரில் கடல்வெளி போல விரிந்த ஒலியை ஸ்டுடியோவில் பதிவுசெய்வது எப்படி? ரிவெர்பைக் கூட்டினால் எல்லாம் குழம்பிவிடுகிறதே?

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் இரண்டு அறை கொண்ட சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். ஒலி அறைக்குள் முழங்கித் தேய்வதுபோலக் காட்டும் ரிவெர்ப் பெடலின் எல்லாக் குமிழ்களையும் வலப்பக்கம் திருகிவிட்டு, அப்படியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று நானும் ஓராண்டுக்கு மேல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாம்பனிலிருந்து வந்த ஒரு தம்பி, "அண்ணே, கிடார் கடல் மாதிரி கேட்க வேண்டும்" என்றான். கடல் மாதிரி எதற்கு, கடலிலேயே எடுத்துவிடலாம் என்று பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் கையடக்க ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு இருவரும் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போனோம். அரை மணி நேரம் வாசித்தான். கண்ணை மூடி, காற்றில் முடி பறக்க, பார்க்க அருமையாக இருந்தது. திரும்பி வந்து கேட்டால், துணி அடைத்த பீரோவுக்குள் உட்கார்ந்து வாசித்ததைப் போல வறண்டு கிடந்தது.

பிறகுதான் உறைத்தது. ஒலி திரும்பி வந்தால்தான் ரிவெர்ப். திரும்பி வர அதற்கு ஒரு சுவரோ கூரையோ வேண்டும். அங்கே ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல், காலடியில் மணல். போன ஒலி போனதுதான். வரும் வழியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் கூரையற்ற சுவர்களுக்கு நடுவே நின்று கைதட்டிப் பார்த்தோம். அங்கு மட்டும் சின்னதாக ஓர் அதிர்வு திரும்பி வந்தது. ஆக, ரிவெர்ப் குமிழைத் திருகும்போது நாம் கூட்டுவது ஒரு கட்டடத்தை. கடலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அப்படியானால் பரந்த வெளியைக் காது எப்படி அறிகிறது? இரவில் எங்கள் மாடியில் நின்றால் தொலைவில் போகும் வல்லத்தின் இன்ஜின் கேட்கும். அதே இன்ஜின் கரையில் கிடக்கும்போது தகரத்தைத் தட்டுவதுபோல 'கடகட'வென்று காதைக் குடையும். தொலைவில் அந்தத் தகரச் சத்தம் வருவதில்லை; மெத்தையில் குத்துவது போன்ற 'தொப்பு தொப்பு' மட்டும்தான் வந்து சேர்கிறது. உயர்ந்த அதிர்வெண்களைக் காற்று வழியிலேயே தின்றுவிடுகிறது. ஒவ்வோர் அடியின் கூர்முனையும் மழுங்கிவிடுகிறது. தொலைவின் அடையாளம் இதுதான், இதைக் கிடாரில் செய்ய ரிவெர்ப் பெடல்கூட வேண்டியதில்லை.

முதல் வேலை, தந்தியை மீட்டும் அந்த 'டக்' என்ற தொடக்கத்தை ஒழிப்பது. கிடாரின் வால்யூம் குமிழைச் சுண்டுவிரலால் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு மீட்டுங்கள். மீட்டிய பிறகு மெதுவாகத் திறங்கள். வயலினில் வில் போடுவதுபோல ஒலி எழும்பி வரும். ஒரு வாரம் பழகினால் கைக்கு வந்துவிடும். கை வராதவர்களுக்கு வால்யூம் பெடல் இருக்கிறது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளில் கழுத்துப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் மீட்டுவது இன்னும் நல்லது. காந்தப்புலத்தால் தந்தியை விடாமல் அதிரவைக்கும் ஈ-போ என்ற கையடக்கக் கருவி 1976 முதலே சந்தையில் இருக்கிறது. விலை கொஞ்சம் அதிகம், ஆனால் அது தரும் முடிவில்லாத நீட்டமே தனி.

இதற்குப் பிறகு, வாசித்ததைச் சற்று நேரம் கழித்துத் திருப்பி ஒலிக்கும் டிலே, அதற்கும் பிறகு ரிவெர்ப். சிதைவூட்டும் ஓவர்டிரைவ் பெடல் இருந்தால் அது இரண்டுக்கும் முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் ரிவெர்பின் வாலை, அதாவது தேய்ந்து மறையும் ஒலியையும் சேர்த்து நொறுக்கும். ஒலி சேறாகக் குழம்புகிறது என்று பலர் புலம்புவதில் பாதி இதுதான். டிலேயைப் பாட்டின் வேகத்துக்குக் கணக்கிட்டு வையுங்கள். நிமிடத்துக்கு 72 அடி என்றால் ஓர் அடி 833 மில்லி வினாடி, முக்கால் அடி 625. இடப்பக்கம் 625, வலப்பக்கம் 833 என்று வைத்தால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் மாறிமாறி வரும். ரிவெர்பில் ப்ரீ-டிலே என்றொரு குமிழ் இருக்கும், வாசிப்புக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் நடுவே இடைவெளி விடுவது அது; பலர் அதைத் தொடுவதே இல்லை. அதை 60 மில்லி வினாடிக்கு வையுங்கள். நம் ஊர் வெக்கையில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. அந்த 60 மில்லி வினாடியில் 21 மீட்டர், அதாவது பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள சுவரைத் தொட்டு வந்த கணக்கு. அறை பெரிதாகிவிடும், வாசிப்பும் தெளிவாக முன்னால் நிற்கும். ரிவெர்பின் ஒலியில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 5,000க்கு மேலேயும் வெட்டிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் குழம்பினால் குற்றம் கருவியில் இல்லை, கார்டுகளில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களில் இருக்கிறது. ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு இது புரியும். 1,212 தூண்களுக்கு நடுவே, மெதுவான ஆலாபனை வானத்திலிருந்து இறங்குவதுபோல இருக்கும். தவில்காரர் வேகமெடுத்தால் எல்லாம் ஒரே இரைச்சல். வால் நீளமாக இருந்தால், போன கார்டின் சுரங்கள் அடுத்த கார்டின்மேல் படுத்துக்கொள்ளும். ஏ மைனரிலிருந்து எஃப் மேஜருக்குப் போனால் ஏ, சி இரண்டும் பொது; மிச்சமிருக்கும் ஈ சுரம் எஃப் கார்டின்மேல் படிந்து மேஜர் செவன்த் ஆக இனிக்கும். ஈ மேஜரிலிருந்து எஃப் மேஜருக்குத் தாவினால் வாலில் தொங்கும் ஜி ஷார்ப்பும் பி-யும் புதிய கார்டோடு சண்டை போடும். தம்புராவைப் போல ஒன்றிரண்டு தந்திகளைத் திறந்தே விட்டு, மேலே ஒரு விரலை மட்டும் நகர்த்திப் பாருங்கள். ஆறு தந்தியையும் அடிக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

உண்மையான இடத்தில் பதிய ஆசை என்றால் அதற்கும் வழி உண்டு. 1947இல் சிகாகோவில் பில் பட்னம் என்ற ஒலிப்பதிவாளர் குளியலறையை எதிரொலி அறையாக்கிப் பதிவுசெய்தார். எங்களிடம் அவ்வளவு பெரிய குளியலறை இல்லை. பக்கத்து வீட்டுச் சித்தி தரையடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக் காயப்போட்டிருந்தபோது, உள்ளே ஒரு ஸ்பீக்கரையும் எஸ்எம் 57 என்ற டைனமிக் வகை மைக்கையும் கயிற்றில் இறக்கினேன். கண்டென்சர் மைக்கை அந்த ஈரத்தில் இறக்கினால் 'பொரபொர'வென்று பொரியும். டைனமிக் மைக்தான் தாங்கும். ஏற்கெனவே நேரடியாகப் பதிந்து வைத்திருந்த கிடாரை ஸ்பீக்கர் வழியே தொட்டிக்குள் ஒலிக்கவிட்டு, திரும்ப வருவதைத் தனி டிராக்கில் எடுத்தேன். சித்தி கொல்லைப்புறமாக வந்து, "என்னப்பா, தொட்டிக்குள் யார் அழுகிறது?" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது, சரியான ஒலி கிடைத்துவிட்டதென்று.

ஒரே ஒரு கோளாறு. எஃப் சுரம் வரும்போதெல்லாம் தொட்டி பூதம்போல உறுமியது. டேப் வைத்து அளந்தால் உட்புற நீளம் சரியாக 2 மீட்டர். அந்த நீளத்துக்கு அடிப்படை அதிர்வு சுமார் 87 ஹெர்ட்ஸ், அதுவேதான் ஆறாம் தந்தியின் முதல் கட்டில் வரும் எஃப். அந்த இடத்தில் மட்டும் ஈக்வலைசரில் ஆறு டெசிபல் குறைத்தேன், அடங்கிவிட்டது. உங்கள் வீட்டுத் தொட்டியை, மாடிப்படிக் கூண்டை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

ஷிம்மர் ரிவெர்ப் பற்றியும் கேட்பீர்கள். வாலை ஓர் ஆக்டேவ் மேலே தூக்கித் திரும்பத் திரும்பச் சுழலவிடும் உத்தி அது. 1980களில் இசைத் தயாரிப்பாளர்களான பிரையன் ஈனோவும் டேனியல் லான்வாவும் கையாண்டபோது புதுமையாக இருந்திருக்கும். இப்போது எந்தப் பெடலை மிதித்தாலும் தேவதைகள் பாடுகிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது, உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். மெல்லிய ஒலியை இழுத்து நீட்டும்போது 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் கூடவே நீளும். என் எர்த் கம்பி உப்பில் அரித்து அறுந்திருந்ததை நான் மூன்று மாதம் கவனிக்கவில்லை. கேபிளையும் பிக்கப்பையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். எர்த்தை முதலில் சோதியுங்கள், லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் என்றால், நாற்காலியோடு மெல்லத் திரும்பி இரைச்சல் குறையும் திசையைக் கண்டுபிடித்து அப்படியே அமருங்கள். வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால், இங்கே பத்தே நாளில் சொரசொரப்பு வந்துவிடும்.

நீண்ட வால் வேண்டிய வேலைகளை நான் ஏப்ரல் 15 முதல் 61 நாள் வரும் மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒதுக்கிவைக்கிறேன். விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதால் இரவு இரண்டு மணிக்கும் ஜெட்டிப் பக்கம் சத்தமிருக்காது. அதிலும் மே நடுவுக்குள் முடித்துவிடப் பார்ப்பேன். அதற்குமேல் கச்சான் காற்று எழுந்துவிட்டால் மாடித் தகரம் அடிக்கத் தொடங்கும், அதற்கு எந்தக் குமிழும் கிடையாது.