மூலை மனையா, நடு மனையா, பின் மனையா?

கேள்வி: ஊமச்சிகுளம் பக்கம் மூன்று மனை காட்டினார்கள். ஒன்று கார்னர். ஒன்று தெரு நடுவில், 30க்கு 40. மூன்றாவது நாலு சென்ட், ஆனால் பின்னால் தள்ளி இருக்கிறது, பத்தடிப் பாதை வழியாகத்தான் போகணும், சென்ட் விலை குறைச்சல். மாமனார் கார்னர்தான் என்கிறார், என் வீட்டுக்காரருக்குப் பின் மனைதான் பிடித்திருக்கிறது. எதை எடுக்கலாம்?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அந்தப் பாதை நாற்பதடி நீளம் என்றால் அதுவே 400 சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு சென்ட். அதையும் நாலு சென்ட்டுக்குள் சேர்த்து விற்கிறார்களா என்று கேளுங்கள். சேர்த்திருந்தால் வீடு கட்டக் கிடைப்பது மூன்று சென்ட்டும் கொஞ்சமும்தான், அதை வைத்து வகுத்தால் மலிவு எங்கே போச்சு என்று தெரிந்துவிடும். அப்புறம் பாதை யாருக்கு? பத்திரத்தில் உங்கள் பாத்தியமா, பொதுப் பாதையா, இல்லை வெறும் வாய்வார்த்தையா? வாய்வார்த்தை என்றால் விட்டுவிடுங்கள்.

நானே இப்படி ஒரு பின் மனையில் வீடு கட்டியவன். எம்சாண்ட் லாரி உள்ளே திரும்பாது, தெருமுனையில் கொட்டி, சித்தாள் வைத்துச் சட்டி சட்டியாகச் சுமந்தோம், ஒரு ராத்திரி மழையில் பாதி மணல் வாறுகாலோடு போனது. வண்டிச் சத்தம் இல்லாத நிம்மதி உண்டு, அதையும் சொல்லணும்.

மாமனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கார்னரில் ரெண்டு பக்கம் காத்து வரும், பின்னாளில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டால் அதற்குத் தனி வாசல் வைக்கலாம். ஆனால் வண்டி திரும்ப மூலையைக் கத்தரித்து ரோட்டுக்கு விட்டிருப்பார்கள், அந்தத் துண்டையும் உங்கள் கணக்கில் எழுதியிருக்கிறார்களா பாருங்கள். அதுவும் 30க்கு 40 என்றால் ரோட்டுப் பக்கச் சுவர் முப்பதடிக்குப் பதில் எழுபதடி, அது முழுக்க உங்கள் செலவு. எதிரே தெரு வந்து முட்டினால் தெருக்குத்து. நம் ஊரில் பிள்ளையாரை வைத்துச் சரிக்கட்டுவார்கள், ராத்திரி ஹெட்லைட் வெளிச்சம் படுக்கையறையில் அடிப்பதற்குப் பிள்ளையார் என்ன செய்வார்?

என்னைக் கேட்டால் நடு மனை. 1200 சதுர அடி, ரெண்டே முக்கால் சென்ட், நாலு மூலையும் சதுரமாக இருந்தால் கொத்தனாருக்கும் வேலை சுலபம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒட்டிக் கட்டினால் பக்க ஜன்னல் வீண், அதனால் முன்னும் பின்னும் காத்துக்கு வழி விட்டுப் பிளான் போடச் சொல்லுங்கள்.

எதுவானாலும் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வரைபடத்தில் அந்த மனை எண் இருக்கணும். புலப்படத்தையும் (மனையின் நில அளவைப் படம்) வில்லங்கச் சான்றையும் வாங்கிப் பாருங்கள். நம்மூரில் கண்மாய், அதாவது ஏரி, இருந்த இடமா என்று பார்த்துத்தான் மனை வாங்கணும், உயர்நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. அட்வான்ஸை ஐப்பசி வரை தள்ளிப் போடுங்கள், ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் டேப்போடு போய் மூன்று மனையிலும் நடந்து பாருங்கள்.