குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை: கிராமத்தில் யாரைக் கேட்பது?

வீட்டுக்கு இணைப்பு கொடுத்தும் தண்ணீர் வரவில்லை, ஊராட்சியும் குடிநீர் வாரியமும் மாறிமாறிக் கைகாட்டுகிறார்கள் என்கிறீர்கள். சரி, முதலில் மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களுக்குச் சேர்த்துத் தண்ணீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் தொட்டிவரை தண்ணீர் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். அங்கிருந்து தெருவுக்கு விடுவது ஊராட்சி. தொட்டி நிரம்பியும் கடைசித் தெரு காய்கிறதா? பெரும்பாலும் வால்வு கோளாறு, குழாய் உடைப்பு, இல்லாவிட்டால் யாரோ குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். இதற்கு ஊராட்சிதான் பொறுப்பு. தொட்டியே நிரம்பவில்லை என்றால் வாரியத்தை விடாதீர்கள்.

வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு தர மத்திய அரசு 2019-இல் கொண்டுவந்த ஜல் ஜீவன் திட்டம் சொல்வது ஆளுக்குத் தினம் 55 லிட்டர். இணைப்புக் கணக்கைக் காட்டித் தப்பிக்க விடக்கூடாது. தொட்டிக்கு எவ்வளவு வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அப்புறம் கிராம சபையில் தீர்மானமாக எழுதவைத்து, படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுங்கள்.