600 டாலர் லென்ஸ் வீட்டுக்கு வரும்போது எவ்வளவு?

கேள்வி: நான் கோவையில் இருக்கிறேன். வார இறுதியில் பறவைகளைப் படம் எடுப்பேன். நான் தேடிய லென்ஸ் இங்கே எங்குமே ஸ்டாக் இல்லை. ஓர் அமெரிக்கக் கடையில் புதிதாக 600 டாலருக்கு இருக்கிறது, ஆனால் அவர்கள் இந்தியாவுக்கு அனுப்புவதில்லை. அங்கே ஒரு முகவரி கொடுத்து, பார்சலை வாங்கி நமக்கு அனுப்பிவைக்கும் ஃபார்வர்டிங் நிறுவனம் வழியாக வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் 600 டாலரை ரூபாயாக்கி மனதில் ஒரு தொகை வைத்திருப்பீர்கள், அதை முதலில் ஓரமாக வையுங்கள்.

அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெலவேர், ஓரிகன் போன்ற மாநிலங்களில் அது கிடையாது. உங்களுக்குக் கிடைக்கும் முகவரி அப்படிப்பட்ட மாநிலத்தில் இருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

அடுத்தது எடை. கூரியர்காரர்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். 2 கிலோ லென்ஸைக் கடைக்காரர் 40×30×30 பெட்டியில் போட்டு அனுப்பினால் 7.2 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அதையே 30×20×20 பெட்டிக்கு மாற்றினால் 2.4 கிலோ. ஃபார்வர்டிங் நிறுவனத்தின் கிடங்கில் மறுபேக்கிங் செய்து தருவார்களா, அதற்கு எவ்வளவு என்று ஆர்டர் போடும் முன்பே கேளுங்கள்.

அப்புறம் சுங்கம். பொருளின் விலைக்கு மட்டும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். கூரியர் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குத்தான் வரி. அந்த வரியையும் கூட்டிய தொகையின் மேல் ஜிஎஸ்டி வரும். தனிப்பட்ட உபயோகத்துக்கு வரும் பொருள்களின் சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கணக்குக்காக 10 சதவீத சுங்கம், 18 சதவீத ஜிஎஸ்டி என்றே வைத்துக்கொள்வோம். லென்ஸ் 600, அனுப்பும் செலவு 60, ஆக 660. சுங்கம் 66 சேர்ந்தால் 726. ஜிஎஸ்டி சுமார் 131 சேர்ந்தால் 857. கிரெடிட் கார்டில் கட்டும் 660 டாலருக்கு அந்நியச் செலவுக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால், அதன் மேல் வரும் ஜிஎஸ்டியோடு இன்னொரு 27 டாலர். மொத்தம் 884. கூடுதல் வரி ஏதாவது இருந்தால் அதுவும், கூரியர் நிறுவனம் வாங்கும் கையாளும் கட்டணமும் இதற்கு மேல்தான். வாங்கும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்து இதே கணக்கை நீங்களே ஒருமுறை போடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அந்த லென்ஸ் வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் வாங்குங்கள். இங்கேயே கிடைக்கும் பொருளுக்கு இந்த வழி பெரும்பாலும் கட்டாது.

கேள்வி: பில்லில் விலையைக் குறைத்துப் போட்டு, 'கிஃப்ட்' என்று எழுதினால் வரி வராது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். முன்பு 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருளுக்கு வரிவிலக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தி இணையக் கடைகள் மூட்டை மூட்டையாக அனுப்பியதால், 2019 டிசம்பரில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் இப்போது விதிவிலக்கு. விலையைக் குறைத்துக் காட்டினால் 1962 சுங்கச் சட்டப்படி பொருளைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். பெட்டிக்குள்ளேயே கடையின் பில் இருக்கும், இணையத்தில் விலை இருக்கும், அதிகாரிக்குக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். நண்பர் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. 600 டாலர் பொருளை 60 என்று எழுதி, வழியில் பார்சல் தொலைந்துபோனால், இழப்பீடு கேட்கும்போது உங்கள் கையில் இருக்கும் காகிதம் 60 டாலர் என்றுதான் சொல்லும்.

கேள்வி: பொருள் பழுதாக வந்தால் யாரிடம் கேட்பது?

பதில்: இந்த வழியில் எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். கடையைப் பொறுத்தவரை பார்சல் கிடங்கில் இறங்கியதும் 'டெலிவரி முடிந்தது'. திருப்பிக் கொடுக்கும் கெடுவும் அன்றிலிருந்தே ஓடும். ஃபார்வர்டிங் நிறுவனத்தைக் கேட்டால், பெட்டி வெளியே நன்றாகத்தானே இருந்தது என்பார்கள். நடுவில் நிற்பது நீங்கள்.

எனக்கே இது நடந்தது. ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். இன்னொரு பார்சலும் வரட்டும், சேர்த்து அனுப்பினால் செலவு குறையும் என்று கிடங்கிலேயே மூன்று வாரம் விட்டுவைத்தேன். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் சத்தமே இல்லை. கடையின் 30 நாள் கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர்தான் சரிசெய்து கொடுத்தார். அன்றிலிருந்து எந்தப் பார்சலையும் கிடங்கில் காக்க வைப்பதில்லை. வந்த அன்றே பெட்டியைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன். வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் தயாரிப்பாளரின் தளத்திலேயே பாருங்கள், கடைக்காரரின் வாக்கை நம்பாதீர்கள்.

கேள்வி: எந்தெந்தப் பொருள்களை இப்படி வரவழைக்கக் கூடாது?

பதில்: டிரோன் வேண்டாம். 2022 பிப்ரவரியிலிருந்து அதன் இறக்குமதிக்கே தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பவர் பேங்கும் வேண்டாம். தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்து அனுமதி இல்லை. பவர் பேங்கும் அந்தக் கணக்கில்தான் வரும், அதனால் பல நிறுவனங்கள் கிடங்கிலேயே நிறுத்திவிடும்.

லேப்டாப் விஷயத்தில் பலருக்குக் குழப்பம். 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோதே, தபாலிலோ கூரியரிலோ வரும் ஒரு லேப்டாப் அல்லது டேப்லெட்டுக்கு உரிமம் வேண்டாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். வரி உண்டு. ஒன்றுக்கு மேல் போனால் சிக்கல்.

ஐபோன் வாங்குபவர்கள் கவனிக்க: ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடலில் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். சமையலறைச் சாதனங்களை யோசிக்கவே வேண்டாம். அங்கே 120 வோல்ட், ஜப்பானில் 100, நம் வீட்டில் 230. எந்தப் பொருளானாலும் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி: அக்கா மகன் டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வருகிறான். அவனிடமே சொல்லிவிடட்டுமா?

பதில்: பெட்டியில் இடமும், பயணிகளுக்கான வரிவிலக்கு வரம்பில் மிச்சமும் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். வரம்பைத் தாண்டினால் விமான நிலையத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டியவர் அவர், அந்தத் தொகையை நீங்கள் முன்கூட்டியே கொடுத்துவிடுவதுதான் முறை. அவர் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது பொருள் அவர் கைக்குப் போய்ச் சேரும்படி ஆர்டர் போடுங்கள். அங்கேயே பிரித்து, ஆன் செய்து பார்த்து, சரியில்லை என்றால் அந்தக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட அவருக்கு நேரம் இருக்கும்.