குரூப் ப்ராஜெக்ட் முழுவதும் என் மகள் தலையில்: என்ன செய்வது?

கேள்வி: என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சமூக அறிவியலில் பேரிடர் மேலாண்மை பற்றி ஐந்து பேர் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். இவர்கள் கஜா புயலை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் முக்கால்வாசி வேலையை இவளே ராத்திரி கண் விழித்து முடித்தாள். ஒரு பெண் எழுதிக் கொடுத்ததைக்கூட “நல்லாயில்லை” என்று கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். ஆனால் ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண். அதிலிருந்து அவர்களோடு பேசுவதையே விட்டுவிட்டாள். இன்னொன்றும் கேட்க வேண்டும். நல்ல பண்புகளை வளர்த்துக்கொள்ளச் சொல்லி வகுப்பில் சொன்னார்கள் என்று பொறுமை, கோபம் கொள்ளாமை, நேரம் தவறாமை, விட்டுக்கொடுத்தல் என்று பத்துப் பண்புகளைச் சார்ட்டில் எழுதி பீரோ கதவில் ஒட்டினாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது அடுத்த ப்ராஜெக்ட் வரப்போகிறது. மிஸ்ஸிடம் புகார் சொல்லட்டுமா? இவளைத் தனியாகச் செய்ய விடும்படி கேட்கட்டுமா?
ஒரு தாய், கும்பகோணம்

பதில்: தனியாகச் செய்ய விடும்படி கேட்காதீர்கள். மிஸ்ஸிடம் போகலாம், ஆனால் புகாரோடு போக வேண்டாம். எதோடு போவது என்பதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் இரண்டு கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. பீரோ கதவில் இருந்த பொறுமையைப் பழகிப் பார்க்க வீட்டில் வேலையே இல்லை. அதற்கு வேலை இருந்த இடம் அந்த ஐந்து பேர் குழு. அங்கே அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

முதலில் உங்கள் மகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: அவளுக்கு வந்த கோபத்தில் நியாயம் இருக்கிறது. கூட்டு வேலையில் ஆளுக்கு ஆள் உழைப்பு குறைவது எல்லா ஊரிலும் நடப்பது. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்தார். 1913இல் வெளியான அவருடைய கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தரும் பலம், தனியாக இழுக்கும்போது தந்ததில் ஏறத்தாழப் பாதிதான். ஒரே நேரத்தில் இழுக்கத் தெரியாதது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே இல்லை. பின்னாளில், 1974இல், அமெரிக்காவில் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் மற்றவர்களும் இழுப்பதாக நம்ப வைத்தார்கள். உண்மையில் அவர் ஒருவர்தான் இழுத்தார். அப்போதும் அவருடைய பலம் குறைந்தது. ‘நம்ம பங்கு தனியா யாருக்குத் தெரியப்போகுது’ என்ற நினைப்பே கையைத் தளர்த்திவிடுகிறது.

இதற்கு மருந்தும் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1981இல் வில்லியம்ஸ், ஹார்கின்ஸ், லட்டானே என்ற மூன்று உளவியலாளர்கள் குழுவாகச் சத்தம் போடச் சொல்லி ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொருவர் குரலும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தச் சோம்பல் இல்லாமல் போனது. யாரையும் திட்டவில்லை, புத்திமதி சொல்லவில்லை. அவரவர் பங்கு அவரவர் பெயரில் தெரிந்தது, அவ்வளவுதான். அந்த நாலு பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அவர்களின் பங்கு எங்கேயாவது தனியாகத் தெரிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரே புத்தகம், முதல் பக்கத்தில் ஐந்து பெயர். இதில் யார் எதைச் செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. அந்தக் கிழித்த தாள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். எழுதிக் கொடுத்த அந்தப் பெண் அடுத்த முறை எழுதித் தருவாளா? தர மாட்டாள். “நீயே பண்ணிக்கோ” என்று ஒதுங்கிவிடுவாள். அப்புறம் உங்கள் மகள் “பாருங்கம்மா, யாருமே பண்ண மாட்டேங்கறாங்க” என்பாள். இருவர் சொல்வதும் அப்போது உண்மையாகத்தான் இருக்கும். கூட இருப்பவர்கள் சரியாகச் செய்ய மாட்டார்கள் என்று எதிர்பார்க்கும் ஆள், முக்கியம் என்று கருதும் வேலையில் தன் உழைப்பைக் கூட்டிக்கொள்கிறார் என்பதையும் 1991இல் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாவற்றையும் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தால் பொறுப்பு. உள்ளே இருப்பது நம்பிக்கையின்மை. உங்கள் மகள் உழைப்பாளி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் இனி வளர்த்துக்கொள்ள வேண்டியது உழைப்பு அல்ல. தன்னைவிடச் சுமாராக எழுதும் ஒருத்தியின் பக்கம், அவள் கையெழுத்திலேயே ப்ராஜெக்ட்டில் இருக்கட்டும் என்று விட முடிகிற மனசு.

அடுத்த ப்ராஜெக்ட் தொடங்குவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் போய் “நீ எழுதினதைக் கிழிச்சிருக்கக் கூடாது, தப்பு என் மேலதான்” என்று உங்கள் மகள் சொல்லட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம். போன் போட்டும் தர வேண்டாம்.

அடுத்து, வேலையைப் பிரித்த விதம். நான் பார்த்த வரையில் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பிரிக்கிறார்கள்: ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி படம் ஒட்டுவாள், ஒருவன் பிரிண்ட் அவுட் எடுப்பான், ஒருவன் பைண்டிங் கொடுப்பான், இன்னொருவன் காசு தருவான். இதில் மேட்டரைத் தெரிந்துகொள்வது ஒருத்தி மட்டும்தான். மற்ற நாலு பேருக்கும் கஜாவைப் பற்றி அன்றும் ஒன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. வேலையைக் கையால் பிரிக்காமல் விஷயத்தால் பிரிக்க வேண்டும்.

கஜாவையே எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல் அது. உங்கள் டெல்டா மாவட்டங்களில் அதைப் பார்த்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். எச்சரிக்கை எப்போது வந்தது, எப்படி ஊருக்குள் போய்ச் சேர்ந்தது என்பதை ஒருவர் பார்க்கலாம். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் சாய்ந்த தென்னைகளை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். சொந்தத்தில் ஒரு தென்னை விவசாயி இருந்தால் போதும், அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் எந்த வலைத்தளத்திலும் கிடைக்காதது கிடைக்கும். புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் ஆகும் என்பதால், அந்த ஒரு ராத்திரியின் நஷ்டம் ஒரு குடும்பத்துக்கு எத்தனை வருஷத்துக்கு நீண்டது என்று பிள்ளைகளே கணக்குப் போடலாம். முகாம்களில் தங்கியவர்களின் அனுபவம் மூன்றாவது ஆளுக்கு. மின்சாரம் திரும்ப எவ்வளவு நாள் ஆனது, அதுவரை தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்பது நாலாவது. இன்று ஒரு புயல் வந்தால் நம் தெருவில் யார் யாருக்குப் போன் செய்வது, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077ஐ எத்தனை வீட்டில் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பது ஐந்தாவது ஆளின் வேலை.

இப்படிப் பிரித்தால் ஒருவருக்குத் தெரிந்தது மற்ற நால்வருக்கும் தெரியாது. அதுதான் வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1971இல், கறுப்பின, வெள்ளை, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த சமயம், எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் இதைத்தான் செய்தார். பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு. ஒவ்வொருவரும் தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், பரீட்சையோ முழுப் பாடத்திலும். பேசத் திணறும் பிள்ளையை முதலில் கேலி செய்தார்கள். கேலி செய்தால் அவனிடம் உள்ள துண்டு தங்களுக்குக் கிடைக்காது என்று சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். அவனிடமிருந்து விஷயத்தை வாங்குவதற்கு எப்படிக் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. “பொறுமையாக இரு” என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. பொறுமை அங்கே நல்ல கேள்வி கேட்பது என்ற வடிவத்தில் வந்தது.

உங்கள் மகளின் சார்ட் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ‘பொறுமை’ என்று எழுதி ஒட்டினால், இன்று நான் பொறுமையாக இருந்தேனா என்று சாயங்காலம் எப்படிச் சரிபார்ப்பது? பத்துப் பண்பையும் ஒரே வாரத்தில் பிடிக்கப் போனால் எதுவும் கையில் நிற்காது.

பண்புகளைப் பட்டியல் போட்டுப் பழகியவர்களில் பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் முறை எனக்குத் தெரிந்து மிகவும் நடைமுறைக்கு ஒத்தது. ஃபிலடெல்ஃபியாவில் அச்சகம் நடத்திக்கொண்டிருந்த இளமைக் காலத்தில் 13 பண்புகளை எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் கீழே அதைச் செய்வது எப்படி என்று ஒரு சின்ன வரி. ஒரு சிறிய நோட்டில் பண்புக்கு ஒரு பக்கம், வாரத்தின் ஏழு நாளுக்கும் சிவப்பு மையில் கட்டங்கள். தவறியபோதெல்லாம் ஒரு கரும்புள்ளி. ஒரு வாரத்துக்கு ஒரு பண்பில் மட்டும் முழுக் கவனம், மற்றவற்றை அதன் போக்கில் விட்டுவிடுவது. 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நாலு சுற்று. நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் அதிகம் என்று கண்டதாகவும், அவை குறைந்து வந்ததைப் பார்த்துத் திருப்தி அடைந்ததாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒழுங்கு என்ற பண்பு மட்டும் கடைசிவரை அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முதலில் அவர் எழுதியது 12தான். உனக்குக் கர்வம் அதிகம், பேச்சில் மற்றவர்களை அமுக்கிவிடுகிறாய் என்று ஒரு நண்பர் எடுத்துச் சொன்ன பிறகு பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார்.

அந்த நண்பர் சொன்னது உங்கள் மகளுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஃபிராங்க்ளின் 1727இல் நண்பர்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடிப் பேசும் ஒரு குழுவையும் தொடங்கியிருந்தார். அதில் ஒருவர் பேச்சை நேருக்கு நேர் மறுத்தாலோ, ‘நான் சொல்வதுதான் சரி’ என்ற தோரணையில் பேசினாலோ சின்ன அபராதம் உண்டு. ‘நிச்சயமாக’ என்று சொல்லி வந்த இடத்தில் ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று சொல்லத் தன்னைப் பழக்கிக்கொண்டார். பணிவு அவரிடம் ஒரு வாக்கியமாக மாறியது. அதனால்தான் அதைப் பழக முடிந்தது, தவறினால் புள்ளி வைக்கவும் முடிந்தது.

ஆகவே பீரோ கதவுச் சார்ட்டை எடுத்துவிடுங்கள். மகளிடம் ஒரு குட்டி நோட்டுக் கொடுங்கள். அடுத்த ப்ராஜெக்ட் முடியும் வரை ஒரே ஒரு பண்பு. நான் பொறுமையைத்தான் சொல்வேன், ஆனால் எது என்பதை அவள் முடிவு செய்யட்டும். அதைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுத வைக்க வேண்டும். ‘அடுத்தவர் எழுதியதை அவரைக் கேட்காமல் மாற்ற மாட்டேன்.’ ‘ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்றால், முதலில் ஒரு கேள்வி கேட்பேன், அப்புறம்தான் கருத்துச் சொல்வேன்.’ இந்த இரண்டு வரி போதும். தினமும் இல்லை, குழுவோடு பேசிய அல்லது வேலை செய்த நாளில் மட்டும் தவறியதற்குப் புள்ளி. அந்த நோட்டை நீங்கள் வாங்கிப் பார்க்காதீர்கள். அவளாகக் காட்டினால் பாருங்கள், புள்ளியை எண்ணாதீர்கள். அம்மா எண்ணுகிறாள் என்று தெரிந்த அன்றே புள்ளிகள் நோட்டில் விழுவது நின்றுவிடும், தவறுகள் நிற்காது.

உங்களுக்கும் சில வேலைகள் இருக்கின்றன. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இந்த விஷயத்தைப் போடாதீர்கள். பிள்ளைகளுக்குள் ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டியது பெரியவர்களிடம் ஒரு வருஷம் ஓடும். ராத்திரி உட்கார்ந்து படம் வெட்டி ஒட்டித் தராதீர்கள். ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ப்ராஜெக்ட் பக்கம் போகவே போகாதீர்கள். இன்னொன்று, யார் எவ்வளவு செய்தார்கள் என்று வீட்டில் சதவீதம் பேச வேண்டாம். கணவன் மனைவியரிடம் வீட்டு வேலையில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டு, இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறைத் தாண்டுகிறது என்று 1979இல் கனடாவில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. தான் செய்தது நினைவில் நிற்கும், அடுத்தவர் செய்தது நிற்காது. முக்கால்வாசி என்று உங்கள் மகள் சொன்னதும் அவளுக்குத் தெரிந்த வரையில் உண்மைதான். அந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போகாதீர்கள்.

மிஸ்ஸிடம் போகும்போது, போன ப்ராஜெக்ட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மதிப்பெண் போட்டு முடிந்துவிட்டது. அடுத்ததற்கு இரண்டு விஷயம் கேளுங்கள். ஒவ்வொரு பகுதியின் கீழும் அதைச் செய்த பிள்ளையின் பெயரை எழுதலாமா? சமர்ப்பிக்கும் நாளில், ஒவ்வொரு பிள்ளையிடமும் அவர் செய்யாத பகுதியிலிருந்து ஒரு கேள்வி கேட்க முடியுமா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். அது இருந்தால் ஒருவருக்கொருவர் சொல்லித் தந்தே ஆக வேண்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, போர்ஷனும் முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு இதற்கு நேரமில்லாமல் போகலாம், அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படியானால் பெயர் எழுதுவதைப் பிள்ளைகளே செய்துகொள்ளட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. கேள்வி கேட்பதையும் சமர்ப்பிக்கும் முதல் நாள் மதிய இடைவேளையில் அவர்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். முதல் கேள்வியை உங்கள் மகள் கேட்க வேண்டாம், அவளிடம் மற்றவர்கள் கேட்கட்டும்.