வீடற்றோர் காப்பகங்களில் அறிகுறியில்லாத் தொற்று: கேள்வி பதில்

கேள்வி (காப்பகத் தன்னார்வலர்): வாசலிலேயே காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆட்களை உள்ளே விடுகிறோம். அது போதாதா?

பதில்: போதாது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய காப்பகத்தில் தங்கியிருந்த 408 பேருக்கு பிசிஆர் பரிசோதனை செய்தார்கள். 147 பேருக்கு கோவிட் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 88 சதவீதம் பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இருமல் இருந்தவர்களே 10 சதவீதத்துக்கும் குறைவு. காய்ச்சல் இன்னும் அரிது. அங்கேயும் வாசலில் அறிகுறி பார்க்கும் வழக்கம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இந்த 88 சதவீதத்தை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. நோய் வெளிப்படையாகத் தெரிந்தவர்களை முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் சிலருக்கு இரண்டொரு நாள் கழித்து அறிகுறி வந்திருக்கலாம்.

கேள்வி: இருமலே இல்லாதவரிடமிருந்து எப்படிப் பரவும்?

பதில்: பேசும்போதும் மூச்சு விடும்போதும் நுண்துளிகள் வெளியேறுகின்றன. கோவிட்டில் அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே வைரஸ் வெளிவரத் தொடங்கிவிடுகிறது. கடையிலோ பேருந்திலோ சிறிது நேரம்தான் பக்கத்தில் இருப்போம். காப்பகத்தில் இரவு முழுக்க ஒரே கூடத்துக் காற்றைப் பலர் சுவாசிக்கிறார்கள், அதுவும் தினமும்.

கேள்வி: ஒருவருக்கு உறுதியானால், கூட இருந்தவர்களை மட்டும் சோதித்தால் போதுமா?

பதில்: எல்லோரையும் சோதியுங்கள், ஊழியர்களையும் சேர்த்து. அதே 2020 வசந்த காலத்தில் நான்கு அமெரிக்க நகரங்களின் காப்பகங்களில் ஆய்வு நடந்தது. சான் பிரான்சிஸ்கோவில் தங்கியிருந்தவர்களில் 66 சதவீதம் பேருக்கும், ஊழியர்களில் 16 சதவீதம் பேருக்கும் தொற்று. அட்லாண்டாவில் தங்கியிருந்தவர்களில் 4 சதவீதம்தான். அங்கே அதற்கு முன் பெரிய பரவல் எதுவும் தெரியவந்திருக்கவில்லை. தொற்று கூடத்துக்குள் வேர்விடும் முன்பே சோதிப்பதுதான் பயன் தரும்.

கேள்வி: காசநோயும் இப்படித்தானா?

பதில்: கொஞ்சம் வேறு. உடலில் கிருமி உறங்கும் நிலையில் இருந்தால் பரவாது. நோய் கிளம்பியும் இருமல் பெரிதாகத் தெரியாத கட்டம் ஒன்று உண்டு. அப்போது பரவ வாய்ப்பிருக்கிறது. இருமுகிறாரா என்று கேட்பதோடு நிறுத்தாமல் மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பது இதனால்தான்.

கேள்வி (காப்பகப் பொறுப்பாளர்): எங்களிடம் பணம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: சன்னல்களைத் திறந்து வையுங்கள், எதிர்ச்சுவரில் ஒரு வெளியேற்று மின்விசிறி இருந்தால் நல்லது. கட்டில்களுக்கு நடுவே குறைந்தது மூன்று அடி, முடிந்தால் ஆறு அடி. ஒருவர் தலை வைக்கும் பக்கம் அடுத்தவர் கால் நீட்டட்டும். தொற்று பரவும் காலத்தில் எல்லோருக்கும் முகக்கவசம்.

கேள்வி: சரி, தொற்று இருப்பவரை வெளியே அனுப்பிவிட்டால் மற்றவர்கள் தப்புவார்களே?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே அனுப்பினால் அவர் வேறொரு கூட்டத்தில் போய்த்தான் படுப்பார். இன்னொன்று, படுக்கை பறிபோகும் என்று தெரிந்தால் அடுத்தவர் இருமலை மறைப்பார், பரிசோதனைக்கும் வரமாட்டார். பாஸ்டனில் மாநாட்டு மையத்தையே தற்காலிக மருத்துவமனையாக்கி, அதில் வீடற்றோருக்கென்று படுக்கைகள் ஒதுக்கினார்கள். அந்த அளவுக்கு முடியாவிட்டாலும் தனி அறை, சாப்பாடு, கழிவறை, அவருடைய பைக்கு ஒரு பாதுகாப்பான இடம், குணமானதும் திரும்பி வரப் பழைய கட்டில் ஆகியவற்றை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். பரிசோதனைக்கு ஆள் கூப்பிடுவது அதன் பிறகு.